தொப்பியில் பட்ட குண்டு

அத்தியாயம் ஐந்து

கார் கதவைத் திறப்பதற்கு முன்பே அந்தச் சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அறைவது போன்ற சத்தம். சிறிது இடைவெளி. மறுபடியும் அதே சத்தம்.

பருத்திக் கிடங்கின் நிழலில் ஒரு கைதியைக் குப்புறக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு கைதிகள் அவனுடைய கைகால்களை அழுத்திப் பிடித்திருந்தார்கள். இன்னொரு கைதி அகலமான தோல்வாரை ஓங்கி இறக்கிக்கொண்டிருந்தான். கீழே கிடந்தவன் கத்துவதை நிறுத்தி வெகு நேரமாகியிருக்க வேண்டும். அவன் வாயில் மண் இருந்தது.

எம்மெட் ரேபர்ன் ஓடவில்லை. நடந்து போய், இறங்கி வந்த வாரைக் கையால் பிடித்தார். அடி அவர் உள்ளங்கையில் விழுந்து தோலைக் கிழித்தது. ரத்தம் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கியது. பிடியை அவர் விடவில்லை.

"யார் சொல்லி அடிக்கிற?"

"கேப்டன் சொல்லி, பாஸ்."

"அவருக்கு யார் சொன்னது?"

அடித்தவனுக்குக் கேள்வி புரியவில்லை. வானத்தைப் பார்த்தான். கேப்டனுக்கு மேலே அவனுக்குத் தெரிந்து அது ஒன்றுதான் இருந்தது.

ரேபர்னின் உதவியாளர் வெர்னா பிக்கெட், கோப்புப் பையை மார்போடு அணைத்தபடி பின்னால் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் தரையில் கிடந்த வைக்கோல் தொப்பி ஒன்றை மிதித்துவிட்டாள். அதை எடுத்துத் தட்டி, எழுந்து உட்கார முயன்ற கைதியிடம் நீட்டினாள்.

"மன்னிச்சுக்கங்க. உங்க தொப்பிய நசுக்கிட்டேன்."

அவன் அதைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். ஒல்லியான, நரைத்த மனிதன். பெயர் வெஸ்லி கோப். பண்ணையில் எல்லோருக்கும் அவன் 'கொசு'.

"என்ன தப்பு பண்ணீங்க?"

"நின்னேன், மிஸ்."

"நின்னதுக்கா?"

"நிக்கக் கூடாத இடத்துல நின்னேன்."

குதிரைக் குளம்புச் சத்தம் நெருங்கியதும் அவன் கை தானாகத் தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டது. வார் வைத்திருந்தவனும் தொப்பியை எடுத்தான். மற்ற இருவரும் எடுத்தார்கள்.

கேன்பிரேக் பண்ணைச் சிறையின் கேப்டன் ராய்ஸ் கிரிம்ஸ்லி குதிரையிலிருந்து இறங்கவில்லை.

"ஆபீசு ஆளுங்களா?"

"சீர்திருத்தத் துறை. தலைமை ஆய்வாளர் ரேபர்ன்."

"அப்படி ஒரு துறையா?"

"போன மாசம் ஒண்ணாம் தேதி பொறந்துச்சு, கேப்டன்," என்றாள் வெர்னா. "சட்டசபையில பிரசவம். ரொம்பக் கஷ்டமான பிரசவம். ஆனா குழந்தைக்குப் பல்லோடதான் பொறப்பு."

கிரிம்ஸ்லி சிரித்தான். "எங்கப்பா இங்க கேப்டன். அவருக்கு அப்பாவும் இங்க கேப்டன். உங்க குழந்தை முதல்ல பால்குடி மறக்கட்டும், அம்மணி. அப்புறம் வந்து கடிக்கட்டும்."

"வாரால அடிக்கிறது சட்டப்படி நின்னாச்சு," என்றார் ரேபர்ன். "கைதி கையில துப்பாக்கி கொடுக்கறதும் நின்னாச்சு."

அவர் பார்வை வயலுக்குப் போனது. பருத்தி வரிசைகளின் நான்கு மூலையிலும் துப்பாக்கியோடு கைதிகள் நின்றார்கள். கைதிகளைக் கைதிகளே காவல் காப்பது இந்த மாநிலத்தின் பழைய சிக்கனம்.

"சம்பளக் காவலருங்கள அனுப்பச் சொல்லுங்க. அனுப்பின அன்னைக்கு அதுங்ககிட்டேர்ந்து துப்பாக்கிய வாங்கி வச்சிடறேன். பிணத்தப் பாக்கத்தான வந்தீங்க? ஐஸ் ரூம்ல கிடக்கு. பாத்துட்டுக் கிளம்புங்க. கொலைகாரன் ஒத்துக்கிட்டான். சாயங்காலம் ஷெரிஃப் வந்து கூட்டிட்டுப் போறாரு. மிச்சம் நீதிபதி பாடு, நாற்காலி பாடு."

மின்சார நாற்காலியைத்தான் சொன்னான். உட்காரச் சொல்வதைப் போல இயல்பாகச் சொன்னான்.

* * *

சமையல்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஐஸ் அறையில், பன்றித் தொடைகளுக்கு நடுவே, கொல்லப்பட்ட கைதி ஜூனியஸ் பெட்டவே படுத்திருந்தான். நெஞ்சின் நடுவில் ஒரு துளை. முகத்தில் வலியைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. ரேபர்ன் அந்த முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வெர்னா கால் மாற்றி நின்றாள். அவருடைய மௌனங்களில் குறுக்கே போகக் கூடாது என்பதை அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கற்றிருந்தாள்.

"கேப்டன் கதை என்ன?" என்று கடைசியில் கேட்டார்.

"ஏமஸ் டோலிவர்னு ஒரு துப்பாக்கிக் கைதி. அவனுக்கும் இவனுக்கும் பகடைத் தகராறு. கோவத்துல சுட்டுட்டான். சுத்தமான கொலை."

"நம்ம அதிகாரம்?"

"உள்ள வரலாம், கேள்வி கேக்கலாம், திட்டு வாங்கலாம். கைதிய வேற ஜெயிலுக்கு மாத்தலாம். துறை ஊழியர் யாரா இருந்தாலும் நின்ன இடத்துல வேலையிலேர்ந்து நிறுத்தலாம். கைது பண்ண முடியாது. அந்தப் பல்லக் கடைசி நாள் சட்டசபையில பிடுங்கிட்டாங்க. கைது ஷெரிஃபோட வேலை."

ரேபர்ன் இறந்தவனின் நெற்றியைத் தொட்டார். புருவத்துக்கு மேலே குறுக்காக ஒரு கோடு. அதற்குக் கீழே வெயிலில் காய்ந்த தோல். மேலே நிழலிலேயே வாழ்ந்த தோல்.

"ஆகஸ்ட் மாசம். வயல் வேலை. தொப்பி எங்க?"

"உசிரோட சேந்து போயிருக்கும்," என்றாள் வெர்னா. பிறகு, அவர் சிரிக்காததைப் பார்த்து, "தேடணுமா, சார்?" என்றாள்.

"முதல்ல கொலைகாரனப் பாப்போம்."

* * *

கொலைகாரனைப் பூட்டியே வைக்கவில்லை. துப்பாக்கிக் கைதிகளின் குடிசை வாசலில், உடைந்த கண்ணாடித் துண்டை ஜன்னலில் செருகி, ஏமஸ் டோலிவர் பாட்டுப் பாடியபடி முகம் மழித்துக்கொண்டிருந்தான். சுவரில் துப்பாக்கி சாய்ந்திருந்தது. ஆணியில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை தொங்கியது. அருகே கயிறு கட்டிய பெட்டி.

"நீதான் சுட்டதா?" என்றார் ரேபர்ன்.

"நான்தான், பாஸ்." குரலில் பெருமை. "துப்பாக்கிக் கோட்டத் தாண்டி ஓடினான். ஒரே வெடி."

"பகடைத் தகராறுன்னாங்க?"

"பகடையா? நான் சர்ச்சுக்குப் போறவன், பாஸ். ஓடினான், சுட்டேன். அவ்வளவுதான்."

"ஓடறப்ப முதுகத்தான காட்டுவான்?"

"பின்ன, மூஞ்சியக் காட்டிக்கிட்டா ஓடுவாங்க?"

"குண்டு நெஞ்சுல இருக்கே, டோலிவர்," என்றாள் வெர்னா. "பெட்டவே பின்பக்கமாவே ஓடிப் பழகினவரா?"

சவரக்கத்தி தாடையில் நின்றது. சோப்பு நுரையில் ஒரு சிவப்புப் புள்ளி பூத்தது.

"திரும்பிப் பாத்திருப்பான், மிஸ்."

"பெட்டி எதுக்கு?"

"வீட்டுக்குப் போறேன்ல!" டோலிவர் முகம் முழுக்கச் சிரித்தான். "ஓடற கைதியச் சுட்டவனுக்கு கவர்னர் மன்னிப்பு உண்டே. இங்க எப்பவும் அதான் வழக்கம். ரெண்டு வருஷம் முந்தி மேற்கு வயல்ல ஒருத்தன் சுட்டான், அறுவடைக்கு முன்னாடி வீட்ல இருந்தான். எனக்கு ஆயுள் தண்டனை, பாஸ். என் பொண்டாட்டி ஓரா இன்னும் எனக்காக ஒத்தையா இருக்கா. ஷெரிஃப் காரு வருது. பஸ் நிக்கிற இடம் வரைக்கும் விட்டுடுவாங்கன்னு கேப்டன் சொன்னாரு."

வெர்னா அந்தப் பெட்டியைப் பார்த்தாள். இத்தனை நேரம் அவளிடம் இருந்த வேடிக்கை எல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது.

ரேபர்ன் படிக்கட்டில் உட்கார்ந்தார். "நான் சொல்றத நிதானமா கேளு. அந்த வழக்கம் செத்துப் போச்சு. புதுச் சட்டம் வந்தாச்சு. கைதி துப்பாக்கி தூக்கவே கூடாது. தூக்கிச் சுட்டா அது காவல் இல்ல, கொலை. உனக்கு மன்னிப்பு கிடையாது. அந்தக் காரு உன்ன பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போகல. நாற்காலிக்குக் கூட்டிட்டுப் போகுது."

டோலிவர் முகத்தைத் துடைத்தான். கோபப்படவில்லை. பரிதாபமாகப் பார்த்தான்.

"உங்க சட்டம் இங்க வந்து சேந்திருந்தா, பாஸ், இந்தத் துப்பாக்கி எப்படி என் வீட்டுச் சுவத்துல சாஞ்சிருக்கு?"

ரேபர்ன் அந்தத் துப்பாக்கியைத் திரும்பிப் பார்த்தார்.

"வெளியூர்க்காரங்க நீங்க. போன பின்னாடி நான் கேப்டனோடதான் இருக்கணும். நான் சுட்டேன். நான் வீட்டுக்குப் போறேன்." வெள்ளைச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மாட்ட ஆரம்பித்தான்.

குடிசையைத் தாண்டியதும் வெர்னா பல்லைக் கடித்தபடி சொன்னாள்: "ஒரு ஆள் பொய் சொல்லித் தப்பிக்கப் பாப்பான். பொய் சொல்லிச் சாகப் போறவன இப்பதான் பாக்கறேன். கேப்டன் நம்மகிட்ட ஒரு கதை, இவன்கிட்ட ஒரு கதை. ரெண்டு கதைக்கும் நடுவுல இவன் கழுத்து."

"அவன் சுடல."

"சத்தியமா சுடல. ஆனா சுட்டேன்னு அவனே ஷெரிஃப் முன்னாடி சொன்னா நாம என்ன பண்ண முடியும்?"

ரேபர்ன் வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "தொப்பி," என்றார்.

* * *

பெட்டவே விழுந்த இடம் சுலபமாகக் கிடைத்தது. பருத்தி வெள்ளையில் பழுப்புக் கறை காய்ந்திருந்தது. ஈக்கள் வழி காட்டின. கைதி தாண்டினால் சுடலாம் என்ற எல்லையான துப்பாக்கிக் கோட்டைக் குறிக்கும் சிவப்புக் கொடிகள் அதற்கு அப்பால், நல்ல தூரத்தில் இருந்தன. அவன் கோட்டைத் தாண்டவே இல்லை. ஆனால் கொடிகளை யாரும் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கி நடலாம். கொடி சாட்சி சொல்லாது. தொப்பி எங்கும் இல்லை.

குனிந்து வரிசைகளுக்கு இடையில் தேடிக்கொண்டிருந்தபோது வெர்னா கத்தினாள்.

நாய் குரைக்காமல் வந்தது. ஓடிய கைதிகளைப் பிடிக்கப் பழக்கிய வேட்டை நாய். ரேபர்னின் தொண்டைக்குத் தாவியது. அவர் குறுக்கே கொடுத்த முன்கையில் பற்கள் இறங்கின. இருவரும் செடிகளை முறித்துக்கொண்டு விழுந்தார்கள். வெர்னா கோப்புப் பையால் அதன் முதுகில் அடித்தாள். பை பிய்ந்து காகிதம் பறந்தது. நாய்க்கு அது தெரியவே இல்லை. ரேபர்ன் மறுகையால் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்து முறுக்கினார். கத்தவில்லை, திட்டவில்லை. முறுக்கிக்கொண்டே இருந்தார். பின்னங்கால்கள் மண்ணைக் கீறின. மெதுவாகக் கீறின. நின்றன.

தாடையைப் பிரித்துக் கையை விடுவித்தார். நாயின் தலையைத் தரையில் மெல்ல வைத்தார்.

தூரத்தில் கிரிம்ஸ்லி குதிரை மேல் உட்கார்ந்திருந்தான். "பட்டை அறுந்து ஓடியாந்துடுச்சு!" என்று கூவினான். "நல்ல நாய், பாவம்!"

"பட்டை இவர் கையில இருக்கு, கேப்டன்!" என்று வெர்னா திருப்பிக் கூவினாள். "நாய்தான் அறுந்திருக்கு!"

கிரிம்ஸ்லி குதிரையைத் திருப்பி வாசல் பக்கம் போனான். அங்கே சாலையில் தூசி எழும்பியிருந்தது. ஷெரிஃபின் கார்.

தண்ணீர் வண்டி வரிசை ஓரமாக வந்து நின்றது. அதை இழுத்து வந்தது கொசு. அடிபட்ட முதுகோடு குனிந்து பருத்தி எடுக்க முடியாது என்று அவனைத் தண்ணீருக்கு மாற்றியிருந்தார்கள். ரேபர்னின் கையைப் பார்த்தான். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். கட்டுவதற்கு ஏதாவது தேடினான். எதுவும் இல்லை. ஒரு கணம் தயங்கி, தன் தொப்பியின் உச்சியில் அடைத்திருந்த கந்தலைப் பிடுங்கி, உதறி, காயத்தின் மேல் சுற்றினான். தொப்பியின் விளிம்பைப் பல்லில் கவ்விக்கொண்டு முடிச்சுப் போடக் குனிந்தான்.

சுற்றிய கந்தலில் ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்தது. உருண்டையாக, பளிச்சென்று.

வெர்னா அதையே பார்த்தாள். "சார்."

"பாத்தேன்."

"நான் இந்தத் தொப்பிய மிதிச்சிருக்கேன். கையில எடுத்துத் தட்டியிருக்கேன்." அவள் தன் நெற்றியில் அறைந்துகொண்டாள். "மிஸ்டர் கோப், இது யார் தொப்பி?"

கொசு எழுந்து நின்றான். ஓடப் பார்க்கிறவன் முகம். ஓட இடமில்லை.

"தொப்பியில குண்டு ஓட்டை," என்றாள் வெர்னா. "பெட்டவே தலையில ஒரு கீறல் கூட இல்ல. அப்ப குண்டு பட்டப்ப தொப்பி தலையில இல்ல. நெஞ்சுலதான் காயம். தொப்பி நெஞ்சுல இருந்திருக்கு. ஒருத்தன் தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு எப்ப நிப்பான்?"

கொசு தொப்பியைத் தலையில் வைத்து விளிம்பை இறக்கிவிட்டான்.

"டோலிவர் எதிர்ல வந்தா நீங்க தொப்பியக் கழட்டுவீங்களா?"

அவனுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "அவனுக்கா? அவனும் என்னாட்டம் கைதிதான, மிஸ். கழட்டினா இந்த வயல் முழுக்க அறுவடை வரைக்கும் என்னச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க."

"யாருக்குக் கழட்டுவீங்க?"

"வெளி மனுஷனுக்கு. சம்பளக்காரனுக்கு."

"நேத்து இந்த வயல்ல சம்பளக்காரங்க எத்தனை பேர்?"

பதிலை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துறை சொன்னபடி கிரிம்ஸ்லி துப்பாக்கிக் கைதிகளை நிறுத்திவிட்டு ஊதியக் காவலர்களை வைத்திருந்தால், சந்தேகம் அரை டஜன் பேர் மேல் சிதறியிருக்கும். சட்டத்தை மதிக்காமல் இருந்ததால் அந்த வயலில் தொப்பி கழற்றத்தக்க மனிதன் ஒரே ஒருவன்தான் மிஞ்சினான். அவனுக்கு அது தோன்றவே இல்லை. தினமும் கிடைக்கிற மரியாதை யார் கண்ணிலும் படுவதில்லை.

ரேபர்ன் கேட்டார்: "பெட்டவே என்ன சொன்னான்?"

கொசு வாசல் பக்கம் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துப் பேசினான். "சமையல்கட்டு ரேடியோவுல கேட்டிருக்கான், பாஸ். புதுச் சட்டம்னு. கேப்டன்கிட்டப் போனான். தொப்பிய எடுத்தான். ரொம்ப மரியாதையா சொன்னான். 'கேப்டன், இனிமே வாரால அடிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லையாம்'னு. கேப்டன் சிரிச்சாரு. 'சரியா கேக்கல, இன்னொரு தடவ சொல்லு'ன்னாரு. இவன் இன்னொரு தடவ சொன்னான்." அவன் குவளையை வண்டியில் கவிழ்த்தான். "நான் பக்கத்துல நின்னேன். நிக்கக் கூடாத இடம்."

"தொப்பி?"

"வண்டியில ஏத்தறப்ப அவன் விரல ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தேன். எனக்குத் தொப்பி கிழிஞ்சு போச்சு, பாஸ். வெயிலு."

"இத ஷெரிஃப்கிட்ட சொல்லுவியா?"

கொசு குனிந்து, பாதியில் விட்ட முடிச்சை இறுக்கினான்.

"சொன்னா நான் இங்க ராத்திரி தூங்கி முழிக்க மாட்டேன்."

"இங்க தூங்க மாட்ட. கைதிய இடம் மாத்தற அதிகாரம் என்கிட்ட இருக்கு. என் கார்லயே வருவ."

கொசு தொப்பியைக் கழற்றினான். நெஞ்சில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் கையில் கொடுத்தான்.

* * *

வாசலில் ஷெரிஃப் ஹோபார்ட் லீக் காரின் மேல் சாய்ந்து புகையிலை மென்றுகொண்டிருந்தார். பருத்த, அவசரமே அறியாத மனிதர். காரின் மூக்கு கவுண்ட்டிக்கு, அதாவது ஷெரிஃபின் மாவட்டத்துக்குச் சொந்தமான சாலையில் இருந்தது. வாசல் மரச்சட்டத்துக்கு வெளியே, இஸ்திரிச் சட்டையோடும் கயிறு கட்டிய பெட்டியோடும் டோலிவர் நின்றான். பல் தெரியச் சிரித்தபடி. அவன் பக்கத்தில் கிரிம்ஸ்லி.

ரேபர்ன் மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் சுற்றிய கந்தல் முழுக்கச் சிவந்திருந்தது.

"ஷெரிஃப், தப்பான ஆளைக் கூட்டிட்டுப் போறீங்க."

"அவனே சொல்றானே. கேளுங்க."

"நான்தான் சுட்டேன், ஷெரிஃப்," என்றான் டோலிவர்.

ரேபர்ன் தொப்பியைக் காரின் மேல் வைத்தார். வெர்னா சொன்னாள். சுருக்கமாக, கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதுவது போலச் சொன்னாள். தலை, ஓட்டை, நெஞ்சு, மரியாதை. பின்னால் நின்ற கொசு தன் பங்கைச் சொன்னான். முழுவதும் தரையைப் பார்த்தபடியே சொன்னான். ஆனால் ஒரு வார்த்தையும் விடவில்லை.

ஷெரிஃப் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்தார். விரல்நுனி கரியாக இருந்தது. கிட்டத்திலிருந்து சுட்ட கரி.

"ஆயிரம் தொப்பியில ஆயிரம் ஓட்டை," என்றான் கிரிம்ஸ்லி. "ஒரு கிழட்டுக் கைதி பேச்சு. சுட்டவன் சுட்டேன்னு சொல்றான். ஹோபார்ட், உனக்கு வேற என்ன வேணும்?"

"கேப்டன் கிரிம்ஸ்லி," என்றார் ரேபர்ன். "துறைச் சட்டப்படி இந்த நிமிஷத்துலேர்ந்து உங்களப் பணியிலேர்ந்து நிறுத்தறேன். துப்பாக்கியும் சாவியும் கொடுங்க."

"எந்தத் துறை?" என்றான் கிரிம்ஸ்லி மறுபடியும். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

ஷெரிஃப் பெருமூச்சு விட்டார். "எனக்கு ஒரு ஆள் வேணும். போன் பண்ணிட்டீங்க, வந்துட்டேன். ஒத்துக்கிட்டவன் இவன். வாடா." காரின் பின்னிருக்கையிலிருந்து எதையோ இழுத்தார். சங்கிலி தரையில் புரண்டு விழுந்தது. இரும்புக் கால்விலங்கு.

டோலிவர் அதைப் பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அதற்கு உள்ளே இருந்தவன் மட்டும் போய்விட்டான்.

"இது எதுக்கு, ஷெரிஃப்?"

"உனக்குத்தான்."

"வீட்டுக்குப் போறவனுக்கு எதுக்கு விலங்கு?"

"யார் வீட்டுக்கு?" ஷெரிஃப் உண்மையாகவே குழம்பினார். "கொலைக்குடா. கவுண்ட்டி ஜெயிலு. அப்புறம் நாற்காலி."

டோலிவர் மெதுவாகக் கேப்டன் பக்கம் திரும்பினான்.

"கேப்டன்? பஸ்ஸுன்னீங்க."

"போடா கார்ல."

"மன்னிப்புன்னீங்க. ஓராவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன், கேப்டன். அவ..." பெட்டி கையிலிருந்து விழுந்தது. "நான் சுடல, ஷெரிஃப். அவர் சொல்லச் சொன்னாரு. துப்பாக்கி என் கையிலயும் இருந்துச்சு, ஆனா வெடிச்சது அவரோடது. நான் சுடவே இல்ல!"

"ஓடறான்!" என்று கிரிம்ஸ்லி கத்தினான்.

டோலிவர் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். ஆனால் அந்த இடம் வாசலுக்கு வெளியே இருந்தது. வேலிக்கு வெளியே நிற்கிற கைதியைச் சுடக் கேப்டனுக்கு அதிகாரம் உண்டு என்பது பண்ணையின் பழைய வழக்கம். துப்பாக்கி ஏற்கெனவே வெளியே வந்திருந்தது.

ரேபர்ன் அவன் மேல் பாய்ந்தார். வெடிச் சத்தம் காதை அடைத்தது. டோலிவரின் வெள்ளைச் சட்டைத் தோளில் சிவப்பு பரவியது. அவன் காரின் மேல் மோதிச் சரிந்தான். கிரிம்ஸ்லி முழங்கையால் ரேபர்னின் நாய் கடித்த கையில் இடித்து உதறிவிட்டு, இரண்டாவது முறை குறி வைத்தான். கொசு இடையில் வந்து நின்றான். அவனிடம் ஆயுதம் இல்லை. வெறுமனே நின்றான்.

அந்த அரைக்கணம் போதுமாக இருந்தது. ஷெரிஃப் லீக், எதற்கும் அவசரப்படாத மனிதர், கால்விலங்கைச் சங்கிலியோடு சுழற்றினார். இரும்பு கிரிம்ஸ்லியின் தாடையில் இறங்கியது. பல் உடையும் சத்தம் தனியாகக் கேட்டது. அவன் முழங்கால் மடங்கி விழுந்தான். ஷெரிஃப் மறுபடி ஒரு முறை, துப்பாக்கி பிடித்த மணிக்கட்டின் மேல் இறக்கினார்.

"ஏன்யா?" என்றான் கிரிம்ஸ்லி ரத்தத்தின் ஊடே. "ஹோபார்ட், நம்ம ஊரு ஆளு நான்..."

"என் கைதியச் சுட்ட. என் ரோட்ல வச்சு." ஷெரிஃப் குனிந்து விலங்கை அவன் கால்களில் பூட்டினார். "வாசலத் தாண்டினா உன் பண்ணை இல்ல, ராய்ஸ். அது கவுண்ட்டி. அந்தச் சட்டம் உனக்குத் தெரியும். அதும் புதுசு இல்ல."

"சார், வேலையிலேர்ந்து நிறுத்தினது அவர் சுடறதுக்கு முன்னாடியே," என்றாள் வெர்னா. தரையில் உட்கார்ந்து, தன் கழுத்துத் துணியால் டோலிவரின் தோளை அழுத்திக்கொண்டிருந்தாள். "அதனால சுட்டது கேப்டன் இல்ல. வேலை இல்லாத ஒரு ஆளு. அதிகாரம், சம்பளம், பல்லு, எதுவும் இல்லாத ஆளு."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

கிரிம்ஸ்லியைப் பின்னிருக்கையில் திணித்தார்கள். கார் கிளம்பித் தூசிக்குள் மறைந்தது. சாலை நேராக, காலியாக, பஸ் நிற்கிற ஊர் வரைக்கும் கிடந்தது.

டோலிவர் எழுந்து நின்றான். குண்டு தசையோடு போயிருந்தது. பிழைத்துக்கொள்வான். சாலையைப் பார்த்தான். அவனை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வாசல் காவல் கோபுரத்தின் மேல் இருந்த துப்பாக்கிக் கைதி, யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல், துப்பாக்கியை வானத்துக்கும் தரைக்கும் நடுவில் வைத்திருந்தான்.

"நான் சுடலன்னா," என்று டோலிவர் ரேபர்னிடம் கேட்டான், "என் தண்டனை அப்படியேதான இருக்கும், பாஸ்?"

"ஆமா."

"சாகற வரைக்கும்."

"மறுவிசாரணைக்கு நான் எழுதுவேன்."

"எழுதுங்க." அதில் நம்பிக்கையும் இல்லை, கேலியும் இல்லை. பெட்டியை நல்ல கையால் எடுத்தான். வெர்னாவிடம், "ஓராகிட்ட யாராவது போய்ச் சொல்லணும், மிஸ். விளக்க ஏத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா," என்றான்.

"நானே போறேன்," என்றாள் வெர்னா.

அவன் திரும்பி வாசல் வரை நடந்து வந்து, மரச்சட்டத்துக்கு ஒரு எட்டு முன்னால் நின்றான். வெளியே போன கைதி திரும்பி வந்தால் அங்கே நின்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து கேப்டன் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் கால் வைத்தால் கோபுரத்திலிருந்து சுடலாம்.

"ஒரு ஆள் உள்ள வரேன், பாஸ்!" என்று கூவினான்.

பதில் சொல்ல யாரும் இல்லை.

கோபுரத்தில் இருந்தவன் கீழே பார்த்தான். கொசு பார்த்தான். வெர்னா பார்த்தாள். டோலிவர் தோளிலிருந்து ரத்தம் சொட்ட, கோட்டுக்கு ஒரு எட்டு வெளியே, காத்துக்கொண்டு நின்றான். அவன் பார்வை ரேபர்னின் மேல்தான் இருந்தது.

ரேபர்னின் மௌனங்கள் எத்தனையோ வெர்னா பார்த்திருக்கிறாள். இவ்வளவு நீளமான ஒன்றைப் பார்த்ததில்லை. அவர் ஒருமுறை சாலையைப் பார்த்தார். அது இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"வா," என்றார்.